மூணாவது கொம்பு

கத்திரிக்கோல கீழ வைங்க டாக்டரம்மா. சொல்றேன்ல, வைங்க. பிரஷர் பாக்கத்தானே? நானே கழட்டிக் குடுக்குறேன், வெட்டுற வேலை மட்டும் வேணாம். இந்தக் கோட்டு கையால தச்சது. மிஷின் தையல் ஒண்ணுகூட கிடையாது. ரெண்டு குளிர்காலம் பிடிச்சுது. உள்ள ஒட்டக முடி வச்சிருக்கு, அதான் இப்படிப் பொதபொதன்னு இருக்கு. இருங்க, இடுப்புல ஒரு நாடா, அக்குள்ல ஒரு நாடா. ஜூன் மாச வெயில்ல இத யாரு போட்டுக்கச் சொன்னாங்கன்னா? நான்தான் சொன்னேன். நான்தானே தலைவி.

டாக்டர் இல்லையா நீங்க? ஆம்புலன்ஸ்ல வர்றவங்க எல்லாரும் எனக்கு டாக்டர்தான். இந்தாங்க கை.

பேரு உல்போசின். ஆமா, அடுத்தது பையனா இருக்கட்டும்னு வைக்கிற பேருதான். அஞ்சாவதும் பொண்ணான்னு எங்கப்பா மூஞ்சி சுண்டிப்போய் வச்சது. அடுத்தது பையன் பொறந்தான், பேரு வேலை செஞ்சிருச்சு. வயசு நாப்பத்தெட்டு. அல்மாத்தியில ஒரு பல் ஆஸ்பத்திரியில பல்செட் செய்யுறேன். உங்க மேல்வரிசையில எடப்பக்கம் ஒரு பல்லு கட்டியிருக்கே, அது யாரு பண்ணது? கடிக்கும்போது இடிக்குமே. சரி சரி, பேசல. எவ்வளவு வந்துச்சு? நூத்தி முப்பதா? பாத்தீங்களா, குதிரை மாதிரி இருக்கேன்.

எத்தனை நிமிஷம் மயக்கம்னு ஒரு கட்டம் இருக்கா அதுல? அத அப்படியே விடுங்க. அதுக்கு வர்றேன்.

காலையில என்ன சாப்பிட்டேன்? டீ. அப்புறம் ரெண்டு குர்த், உப்புப் போட்டுக் காயவச்ச தயிர் உருண்டை, அதுவும் நடந்துக்கிட்டே வாயில போட்டு ஒதுக்குனது. தூக்கமா? முந்தாநாள் கொஞ்சம். முறைக்காதீங்க. நீங்க எத்தனை மணி நேரமா டூட்டியில இருக்கீங்க? கால் வீங்கிப்போய் ஷூவோட லேஸ அவுத்து விட்டிருக்கீங்க. அதையும் எழுதுங்களேன் ஒரு கட்டத்துல.

சிரிச்சிட்டீங்க. நல்லது. சிரிக்கிறவங்ககிட்டதான் எனக்கு உண்மை வரும்.

நாங்க இங்க என்ன பண்றோம்னு தெரியும்ல? முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஆளுங்களும் படையெடுத்து வந்த ஜுங்கார்களும் இந்தப் புல்வெளியில அடிச்சுக்கிட்டாங்கன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அதே துணி, அதே கவசம், அதே வில்லு அம்போட வருஷத்துக்கு ஒரு தடவ இந்த இலி ஆத்தங்கரையில திரும்ப நடத்திக் காட்டுறோம். சனி ஒரு சண்டை, ஞாயிறு ஒரு சண்டை. யாருக்கும் இதுல சம்பளம் கிடையாது. சொந்த ஆசைதான். ஆமா, வளந்த ஆளுங்கதான். பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி இருக்கு. என்ன பண்றது, சில பேருக்குச் சீட்டாட்டம், எங்களுக்கு இது.

தலைவியானது எப்படின்னு கேளுங்க. பதினோரு வருஷம் முன்னாடி ஒரு கூட்டம். பழைய தலைவர் முதுகுவலின்னு போயிட்டாரு. அடுத்தது யாருன்னு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. தண்ணி கொதிச்சிருச்சான்னு பாக்க நான் அடுப்படிக்குப் போனேன். டீயோட திரும்பி வர்றேன், எல்லாரும் கைதட்டுறாங்க. டீக்கு ஏன்டா கைதட்டுறீங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான், தலைவியாயிட்டேன். அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்துலயும் பாதியில எந்திரிச்சதே இல்ல, மூத்திரம் முட்டினாலும்.

தலைவின்னா குதிரை மேல உக்காந்து வாளைச் சுத்துறதுன்னு நினைச்சீங்களா? அதுக்கு சாக்கென் இருக்கான். வெளிய நிக்குறானே, கழுகு இறகு வச்ச தொப்பி, பெரிய ஒட்டு மீசை, அவன்தான் எங்க கான். ராஜா. டிவிக்காரங்க வந்தா அவனத்தான் எடுப்பாங்க. எனக்குக் கக்கூஸ் வண்டி, தண்ணி லாரி, குதிரைக்குப் புல்லு, போலீஸ் அனுமதி. காலையில அஞ்சு மணிக்கு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனா துணி பாக்கணும். பூட்ஸ்ல ஜிப் இருந்தா திருப்பி அனுப்பு. மூக்குக்கண்ணாடி போட்டா கழட்டச் சொல்லு. கழட்டினவன் நேரா போய் குதிரை மேல முட்டிக்குவான், அவனுக்கு நெத்தியில பிளாஸ்திரி போடு. போட்ட பிளாஸ்திரிய யாராவது போட்டோ எடுத்து, முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி பிளாஸ்திரி ஏதுன்னு இன்டர்நெட்ல நக்கல் அடிப்பான். அதுக்கும் நான்தான் பதில் போடணும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்ல. பெரிய தலைவலி எது தெரியுமா? எதிரி. ஜுங்கார் வேஷத்துக்கு ஒருத்தன் வர மாட்டான். எல்லாருக்கும் நம்ம வீரனா நிக்கணும், ஜெயிக்கணும், கெழவிங்க கையால கன்னத்தக் கிள்ளி முத்தம் வாங்கணும். எதிரி இல்லாம எவனடா ஜெயிப்பீங்க? ஒருத்தன் சொல்றான், இந்த வருஷம் மாமனார் பாக்க வர்றாருக்கா, அவர் முன்னாடி தோக்க முடியாதுங்கறான். இன்னொருத்தன், போன வருஷம் ஜுங்காரா இருந்தேன், என் மகன் பள்ளிக்கூடத்துல அடி வாங்கினான்ங்கறான். ஜனவரியிலேர்ந்து மே வரைக்கும் முப்பது எதிரிக்காகப் போன் போட்டுக் கெஞ்சுறேன் தங்கச்சி. கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுறவன்கூட இவ்வளவு வீடு ஏறி இறங்க மாட்டான். ஒரு வருஷம் ஆளே இல்லாம யுனிவர்சிட்டி வாலிபால் டீமைத் தூக்கிட்டு வந்தேன். எல்லாம் ஆறரை அடி. சண்டையில நம்ம வீரனுங்க அவனுங்க இடுப்பு உயரத்துக்கு நின்னு ஜெயிச்சாங்க, பாக்கணுமே.

அதான் ஒன்பது வருஷமா நானே ஜுங்கார். தலைவியே எதிரியா நின்னா மத்தவனுக்கும் வெக்கம் விட்டுப்போகும்ல.

அடுத்தது சாவு. ஜுங்காரா வந்தவன் சாவுறானா? சாவ மாட்டான். அம்பு நெஞ்சுல பட்டு கீழ விழுந்திருக்கும், இவன் அதை மிதிச்சுக்கிட்டு நிப்பான். படலக்கா, உரசிட்டுப் போச்சுங்குவான். வெயில்ல முள்ளுப்புல்லு மேல முக்கால் மணி நேரம் படுத்திருக்க யாருக்குப் பிடிக்கும்? அதனால நான் லிஸ்ட் போட்டேன். எந்த நிமிஷம், யார் கையால, எந்த எடத்துல, யார் விழணும், எல்லாம் வரிசையா. ஒவ்வொருத்தன் சாவையும் நான்தான் எழுதுறேன். அதுக்கும் சண்டைக்கு வருவாங்க. அவன ஏழாவதா கொல்றீங்க, என்ன மட்டும் மூணாவதா கொல்றீங்களேன்னு மூக்கால அழுவாங்க.

விழுந்தவனுக்கு ஒரு சட்டம். அதுவும் நான் போட்டதுதான். கொம்பு மூணு தடவ ஊதுவாங்க. முதல் கொம்பு, சண்டை முடிஞ்சுது. ரெண்டாவது கொம்பு, ஜெயிச்சவங்க குதிரையில ஒரு சுத்து வந்து கான் பேசணும். சாக்கென் பேச ஆரம்பிச்சா லேசுல விட மாட்டான். மூணாவது கொம்பு ஊதினப்புறம்தான் செத்தவங்க எந்திரிக்கலாம். அதுக்கு முன்னாடி அசைஞ்சா, இருமினா, ஈய ஓட்டினா, அன்னைக்கு பெஷ்பர்மாக் அண்டாவ அவன்தான் கழுவணும். இருநூறு பேருக்குக் கறி வெந்த அண்டா. செத்தவன யாரும் தொடவும் கூடாது, பேச்சுக் குடுக்கவும் கூடாது. தொட்டவனுக்கும் அண்டாதான்.

விட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. தெரியுது. எங்கம்மாவும் அப்படித்தான் பாப்பாங்க.

போகாம இருந்தேனா? நாலு தடவ சொல்லிட்டேன். கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, எனக்கு முடியல, வேற ஆளப் பாருங்கன்னு. முதல் தடவ எல்லாரும் கைதட்டினாங்க. சாக்கென் ஓடிப்போய் சப்பான் கொண்டாந்து தோள்ல போத்திட்டான். பெரிய மனுஷங்களுக்குப் போத்துற தங்க ஜரிகை அங்கி. போத்தினப்புறம் என்ன பேசுறது? ரெண்டாவது தடவையும் சப்பான். மூணாவது தடவ ஜாக்கிரதையா எழுதியே குடுத்தேன், படிச்சிட்டு அழுதுட்டு சப்பான் போத்தினாங்க. நாலாவதுக்கு, எனக்குச் சப்பான் வேணாம், ஆளு வேணும்னு கத்தினேன். தலைவிக்கு என்ன உணர்ச்சி பாருன்னு சொல்லி, பச்சைக் கலர்ல ஒண்ணு. வீட்ல நாலும் பீரோவுல தொங்குது. என் வீட்டுக்காரர் குளிருக்கு அதுல ஒண்ணப் போட்டுக்கிட்டுத்தான் பால்கனியில சிகரெட் பிடிக்கிறாரு.

அவருக்குக் கோவம்தான். இருக்காதா? மகளோட பத்தாம் வகுப்பு விழாவுக்குப் போகல நான். அன்னைக்குக் கேடயம் நாப்பது வந்து இறங்குச்சு. யாராவது வாங்கி வைங்கடான்னா, நீங்க இருந்தா நல்லாருக்கும்க்காங்கறானுங்க. விழா போட்டோல எம்பொண்ணு பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம் விட்டு நின்னிருந்தா. அத இன்னும் நான் ஃபிரேம் போடல. போட முடியல தங்கச்சி.

தண்ணி குடுங்க. இல்ல, அழல. வேர்வை.

மத்தவங்க எல்லாம் எப்படிப் போனாங்கன்னா? எல்லாரும் சீட்டோட போனாங்க, டாக்டர் சீட்டோட. முட்டிவலி, தோள்வலி, சர்க்கரை, பொண்டாட்டிக்கு ஆபரேஷன். பதினோரு வருஷத்துல அம்பத்திமூணு பேரு. உடம்பு சரியில்லன்னா யாரும் எதுவும் சொல்ல முடியாது பாருங்க. நல்லபடியா வழியனுப்பி வைப்போம். அதுல ஒருத்தன் ஒரு சனிக்கிழம முட்டிவலின்னு போனான், அடுத்த சனிக்கிழம மலையேறுற போட்டோ போடுறான். உண்மையச் சொல்லிட்டுப் போனவன் ஒரே ஒருத்தன், தோலெகன்னு பேரு. அக்கா, எனக்கு முட்டி நல்லாருக்கு, முதுகு நல்லாருக்கு, இது அலுத்துப்போச்சு, வரலன்னான். என்ன பேச்சு பேசினேன் தெரியுமா அவன! துரோகின்னேன். முதுகெலும்பு இல்லாதவன்னேன். ரெண்டு வருஷம் அவன் பஜார்ல எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இப்ப யோசிச்சா, அம்பத்திமூணு பேர்ல முதுகெலும்பு இருந்தது அவன் ஒருத்தனுக்குத்தான்.

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன். உங்களுக்கும் வேற கேஸ் இருக்கும்.

பதினொரு மணிக்குச் சண்டை ஆரம்பிச்சுது. போன் எங்கன்னா, கோட்டுக்குள்ள, நெஞ்சுல. வெளிய தெரியக் கூடாதுல்ல. அது கிடந்து துடிக்குது. நான் கேடயத்தத் தூக்கிட்டு ஓடுறேன், அது விர்ருவிர்ருன்னு அடிக்குது. எதிர்ல நம்ம ஆளு ஒருத்தன் வாளை ஓங்கிட்டு வர்றான், கண்ணு செவந்து, பல்லக் கடிச்சுக்கிட்டு. ஆகா, என்னமா நடிக்கிறான்னு நினைச்சேன். பக்கத்துல வந்து என் கேடயத்துல ஓங்கி ஒரு போடு போட்டுட்டு, அக்கா, நாளைக்குச் சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்குங்கறான். வாளைக் கீழ இறக்காமயே கேக்குறான்! ஆறரைக்குன்னேன். பெரிய பஸ்ஸா சின்ன பஸ்ஸான்னு அடுத்த போடு.

லிஸ்ட்படி நான் பதினேழாவதா விழணும். இன்னைக்கு, அவன் பஸ்ஸக் கேட்டுட்டுப் போனதும் விழுந்துட்டேன். அம்பு வரல, வாள் படல, ஒருத்தரும் பக்கத்துல இல்ல. சும்மா விழுந்தேன். லிஸ்ட் போட்டவளே லிஸ்ட்ட மீறிட்டேன்.

கீழ எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டுமா? கன்னத்துக்குக் கீழ எட்டிப்புல்லு, அந்தக் கசப்பு வாசனை. குதிரைங்க ஓடுறது தரை வழியா காதுக்கு வருது. வெயிலு சுடுதுதான். ஆனா ஒருத்தரும் என்ன எதுவும் கேக்கல. என் சட்டம்தான், செத்தவங்ககிட்ட பேசக் கூடாது. என்ன தாண்டி நாலு பேர் ஓடுறாங்க, அதுல ஒருத்தன் வாயத் தொறந்து அக்கான்னு ஆரம்பிச்சவன், செத்துட்டேன்னு பாத்து வாய மூடிக்கிட்டான். போனும் சார்ஜ் தீந்து அடங்கிருச்சு. பதினோரு வருஷத்துல முதல்தடவ, தங்கச்சி, எனக்குச் செய்ய வேண்டியது எதுவுமே இல்ல. வயித்துல இருந்து ஒரு மூச்சு வந்துச்சு பாருங்க, அது எத்தனை வருஷமா உள்ள கிடந்ததோ.

அப்புறம் மூணாவது கொம்பு ஊதினாங்க. எல்லாப் பொணமும் எந்திரிச்சு உடம்பத் தட்டிக்கிட்டுப் புளிச்ச குதிரைப்பால் குமிஸ் குடிக்கப் போயிருச்சு. நான் எந்திரிக்கல. அவனுங்க என்ன நினைச்சானுங்க தெரியுமா? அக்கா எப்படிச் சாவணும்னு பாடம் நடத்துறாங்கன்னு! பாருங்கடா, கொம்பு ஊதியும் அசையல, இதுதான் ஒழுங்குன்னு என்னச் சுத்தி நின்னு கைதட்டினானுங்க. ஒருத்தன் என் மூஞ்சிக்குக் கிட்ட கேமராவ வச்சு, வாயோரத்துல எறும்பு போகுது, அப்பவும் அசையலன்னு வீடியோ எடுக்குறான். புதுசா சேந்த ஒருத்தி கிட்ட வந்தா, தொடாத தொடாத, அண்டா கழுவ விட்டுருவாங்கன்னு இழுத்துட்டாங்க. அரை மணி நேரம். லூதா கிம், அவதான் எங்க சமையல் பொறுப்பு, நல்லவ, வந்து என் மேல நிழல் விழுற மாதிரி குடைய நட்டுட்டுப் போனா. தொடல. கடைசியில வேடிக்கை பாக்க வந்த ஒரு அம்மா, ஊதாத் தொப்பி போட்டவங்க, இது நடிப்பில்லடா மடையனுங்களான்னு திட்டிட்டு உங்களுக்குப் போன் போட்டாங்க. எதுத்தாப்புல நிக்கிறவங்ககிட்ட ஆம்புலன்ஸுக்கு நம்பர் என்ன, நூத்தி மூணுதானேன்னு கேட்டாங்க.

என்ன?

மயக்கத்துல கிடந்தவளுக்குத் தொப்பிக் கலர் எப்படித் தெரியும்னா?

ம். கெட்டிக்காரிதான் நீங்க.

கேட்டுச்சு. கொம்பு, கைதட்டு, எறும்பு, எல்லாம் தெரிஞ்சுது, கண்ணு ஒரு கீத்து திறந்துதான் இருந்துச்சு. மூணாவது கொம்பு ஊதினப்ப எந்திரிக்கத்தான் கையை ஊனினேன். ஒரு நிமிஷம் படுத்துக்கலாமேன்னு தோணுச்சு. அப்புறம் இன்னொரு நிமிஷம். போன் போட்டது தெரிஞ்சு எல்லாரும் பதறினப்ப சரி, போதும், கண்ணைத் திறந்துரலாம்னுதான் இருந்தேன். அப்ப சாக்கென் ஓடியாந்து என் பக்கத்துல மண்டி போட்டான். நிஜமா அழறான், மீசையெல்லாம் ஒட்டு விட்டுப்போச்சு. என் கையப் பிடிச்சுக்கிட்டு, செத்துராதீங்கக்கா, செத்துராதீங்கக்கா, நாளைக்கு ஜுங்காருக்கு ஆளே இல்லக்கான்னான்.

கிண்டல் இல்ல தங்கச்சி. பாசத்துலதான் சொன்னான். அவனுக்குத் தெரிஞ்ச பாசம் அதுதான். அதான் கண்ணைத் திறக்கல.

நீங்க மயக்கம்னு எழுதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறீங்கன்னு வைங்க. முதல் வாரம் ஆப்பிளோட வந்து பாப்பாங்க. ரெண்டாவது வாரம் எப்படி இருக்கீங்கம்பாங்க. மூணாவது வாரம் லிஸ்ட்டோட வருவாங்க. உடம்பு சரியில்லாம போனவங்க உடம்பு சரியானா திரும்பி வரணும்ல. அம்பத்திநாலாவது ஆளா நானும் சீட்டோட போக மாட்டேன். நான் ஒண்ணும் முட்டிவலிக்காரி இல்ல.

நெனவு தப்பலன்னு எழுதுங்க. காது நல்லா கேக்குது, உடம்பு நல்லாருக்கு, எந்திரிக்க இஷ்டமில்ல, அதனால எந்திரிக்கல. அப்படி எழுதக் கட்டம் இல்லையா? ஓரத்துல எடம் இருக்கு பாருங்க, அங்க எழுதுங்க. எழுத்து பெருசா இருக்கட்டும், என் கண்ணாடிய காலையிலயே கழட்டி வச்சிட்டேன். கையெழுத்து நான் போடுறேன், பேனா குடுங்க. அப்புறம் அந்தக் கதவத் திறந்து விடுங்க. அவங்களுக்கு இத நானே படிச்சுக் காட்டுறேன்.